கனத்த குரலின் மேடை

ராக் பாடகர் என்று சொன்னதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே உருவம்தான் நினைவுக்கு வரும். தோல் ஜாக்கெட், தோள்வரை முடி, மைக்கை ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கும் வேகம், உச்சத்தில் ஓர் அலறல். பெங்களூருக்கு அந்த உருவம் நன்றாகப் பழக்கம். 2003ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007ல் அயர்ன் மெய்டன், 2011ல் மெட்டாலிகா என்று பலரும் இங்கே அரண்மனை மைதானத்தில் பாடியிருக்கிறார்கள். பெங்களூரை ஒட்டிய எங்கள் ஹெப்பகோடியில் நவம்பர் மாதம் மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவத்துக்குத் தெருவில் மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா வைக்கும்போதுகூட, பாட வரும் பிள்ளைகள் முதலில் செய்துகாட்டுவது அந்த ஆவேசத்தைத்தான்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையை ஆள்வதற்கு இன்னொரு வழியும் உண்டு. அந்த வழியை உண்டாக்கியவர் ஒரு தமிழ்ப் பெண். கத்தாமல், ஓடாமல், தலைமுடியை விரிக்காமல், காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டும் மல்லிகைப் பூவுமாக நின்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கூட்டத்தைத் தன் பக்கம் வைத்திருக்கும் உஷா உதுப். அவர் பாடுவது எப்படி, நிற்பது எப்படி, அந்த நிற்பில் இருக்கும் மன உறுதி எப்படிப்பட்டது என்பதை நிதானமாகப் பார்க்கலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

உஷா ராக் பாடகிதானா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கிட்டார் உறுமுவதும் டிரம்ஸ் இடிப்பதும் மட்டுமே ராக் என்று வைத்துக்கொண்டால் அவர் அந்த வட்டத்துக்குள் முழுதாக வரமாட்டார். ஜாஸ், ப்ளூஸ், நாட்டுப்புறச் சாயல் கொண்ட அமெரிக்கப் பாட்டு, ராக் அண்ட் ரோல், பிறகு டிஸ்கோ என்று எல்லாம் கலந்ததுதான் அவர் பாட்டு. 1960களின் இந்தியாவில் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் பாடிய குழுக்கள் இந்தப் பிரிவுகளைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒரே மாலையில் ஒரே மேடையில் எல்லாம் வரும். கேட்கிறவர்கள் எழுந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தாளத்துக்குள் வந்துவிட வேண்டும் என்ற அந்த ராக் குணம் அவரிடம் நிறையவே இருக்கிறது.

இனி குரல். உஷா 1947 நவம்பரில் பம்பாயில், சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வைத்தியநாத் சோமேஷ்வர் சாமி போலீஸ் அதிகாரி. பைகுல்லாவில் இருந்த கான்வென்ட் பள்ளியில் படித்தபோது, அவர் குரல் சேர்ந்திசைக்குப் பொருந்தவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குள் இசை இருக்கிறது என்பதை ஆசிரியர் கண்டுகொண்டு, தட்டுவதற்கு கிளாப்பரையும் டிரையாங்கிளையும் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்தக் குரல் ஏன் பொருந்தவில்லை? நம் தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண்கள் மூச்சுக் காற்றில் அதிரும்போதுதான் ஒலி பிறக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது பெண்களுக்கு அவை நொடிக்குச் சுமார் 200 முறையும் ஆண்களுக்குச் சுமார் 120 முறையும் அதிரும். நாண் நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் அதிர்வு குறையும், குரல் கீழே இறங்கும். கிட்டாரின் தடித்த கம்பி கீழ் ஸ்வரத்தைக் கொடுப்பது போலத்தான். பெண்களில் மிகக் கீழே நிற்கும் குரலை மேற்கத்திய இசைக்காரர்கள் கான்ட்ரால்டோ என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குரல் அபூர்வம். பள்ளிகளில் பெண்பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டுகளுக்கு மேல் சுருதியில்தான் ஆரம்பம் வைப்பார்கள். கீழ்க்குரல் உள்ள பிள்ளை அங்கே எட்டிப்பிடிக்கத் திணறும். எட்டாதபோது பாடவே தெரியாதவள் என்று பெயர் வாங்கும். அங்கே தப்பாக இருந்தது சுருதி. பிள்ளையின் குரலில் தப்பே இல்லை.

அந்தக் காலத்து சினிமாவும் இதே பழக்கத்தில்தான் இருந்தது. இந்தியில் லதா மங்கேஷ்கர், தமிழில் பி. சுசீலா, எஸ். ஜானகி என்று கதாநாயகியின் குரல் மேலே, மெல்லியதாக, தூய்மையாக இருக்க வேண்டும் என்று காது பழகிவிட்டது. அதிலிருந்து வேறுபட்ட குரல் கிளப் பாட்டுக்குப் போனது. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைத் தமிழ் சினிமா எந்தெந்தக் காட்சிகளுக்கு அதிகமாகக் கூப்பிட்டது என்று நினைத்துப் பாருங்கள், புரியும். கர்நாடக சங்கீதம் இந்த விஷயத்தில் கொஞ்சம் விசாலமானது. டி.கே. பட்டம்மாளின் கனத்த, இறங்கிய குரலை அது கம்பீரம் என்று கொண்டாடியது.

உஷா முறையாகச் சங்கீதம் கற்றவர் அல்ல. வீட்டு வானொலிதான் பள்ளிக்கூடம். படே குலாம் அலி கானும் கிஷோரி அமோன்கரும் ஒரு பக்கம், மேற்கத்திய இசை ஒரு பக்கம், ரேடியோ சிலோன் இன்னொரு பக்கம். ஒன்பது வயதில் அதே ரேடியோ சிலோனின் ஓவல்டின் நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி கொடுத்த வாய்ப்பு அது. பாட்டு வகுப்பில் இடம் கிடைக்காத குரலுக்கு மைக்கின் முன் இடம் கிடைத்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் கலையின் பாதி விளக்கம் மைக்கில்தான் இருக்கிறது.

மைக் வருவதற்கு முன் மேடையில் பாடியவர்கள் கடைசி வரிசைவரை தாங்களே குரலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சத்தில் நின்று பாடியதற்கு அது ஒரு பெரிய காரணம். மனிதக் காது மேல் அதிர்வுகளை, முக்கியமாக நொடிக்கு 2000 முதல் 4000 வரை உள்ளவற்றை, சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கீழ்க்குரல் தூரம் போகுமுன்பே கூட்டத்தின் சத்தத்தில் கரைந்துவிடும். மைக் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. 1930களில் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள், கத்தாமல் காதோரம் பேசுவது போலப் பாடலாம் என்று காட்டினார்கள்.

மேடை மைக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. முன்பக்கத்து ஒலியை அதிகமாக வாங்கும்படி செய்த மைக்கில், வாயைப் பக்கத்தில் கொண்டுபோகப் போகக் குரலின் அடிப்பகுதி தடித்துக்கொண்டே வரும். விலக்கினால் மெலியும். ஆர்கெஸ்ட்ராவில் பாடும் பிள்ளைகள் பலர் மைக்கை ஒரே இடத்தில் உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அனுபவமுள்ள பாடகர் அதை நகர்த்திக்கொண்டே இருப்பார். மெல்லிய வரிக்கு அருகில், ஓங்கிய வரிக்கு ஒரு முழம் தள்ளி. உஷாவின் கையை அடுத்த முறை வீடியோவில் பாருங்கள். குரல் எப்போதும் ஒரே நிறைவோடு வரும். கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இயற்கையிலேயே கனமான குரல், அதைத் தாங்கி நிறுத்தும் மைக், இரண்டையும் இணைக்கத் தெரிந்த கை. மூன்றும் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் அந்த ஒலி.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் 'ஃபீவர்' பாட்டை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 1958ல் பெகி லீ பாடிப் பிரபலமாக்கியது. பின்னணியில் ஒரு பேஸ், கொஞ்சம் டிரம்ஸ், விரல் சொடுக்கு தவிர வேறெதுவும் கிடையாது. குரலை மறைத்துக்கொள்ள எந்த வாத்தியமும் உதவிக்கு வராது. மேல் ஸ்தாயிக்குப் போய்க் கைதட்டல் வாங்கவும் வழியில்லை. கீழேயே நின்று, தாளத்தை ஒரு மயிரிழை தள்ளிப் பிடித்து, கேட்பவரைக் காத்திருக்க வைக்க வேண்டும். இந்த மாதிரிப் பாட்டு உஷாவுக்கென்றே அமைந்தது.

இப்போது அவர் முதன்முதலாக ஏறிய மேடைக்கு வருவோம். 1969. சென்னை மவுண்ட் ரோடு. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள் இருந்த இடத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு சிறிய நைட் கிளப். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. அது தளர்ந்தது 1971ல்தான். அந்தச் சென்னையில், இருபதைத் தாண்டிய ஒரு பெண் புடவை கட்டிக்கொண்டு வந்து ஆங்கிலப் பாட்டுப் பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், கிளப் உரிமையாளர் ஒரு வாரம் தங்கிப் பாடச் சொன்னார். பிறகு பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரின்காஸ்', டெல்லியில் ஓபராய் ஹோட்டல் என்று வழி நீண்டது. டெல்லியில் அவரைக் கேட்ட சினிமாக்காரர்கள் மூலம் 1970ல் 'பாம்பே டாக்கி', 1971ல் தேவ் ஆனந்தின் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' என்று பின்னணிப் பாட்டுக்கும் கதவு திறந்தது.

புடவை ஏன் என்று அவரைக் கேட்காத பேட்டியாளர் குறைவு. நடுத்தர வீட்டுப் பெண், உடுத்தத் தெரிந்தது அதுதான், வேறு எதையும் யோசிக்கவில்லை என்பதுதான் அவர் எப்போதும் சொல்லும் பதில். திட்டம் போட்டுச் செய்ததில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் மேடையில் அந்தப் புடவை என்ன செய்தது என்று யோசிக்க வேண்டும்.

அக்காலத்து நைட் கிளப்பில் பாடும் பெண் என்றால் கவுன்தான். பார்வையாளர்கள் எதைப் பார்க்க வந்தார்களோ அது மேடையில் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. உஷா அந்த விதியைச் சண்டையில்லாமல் மாற்றினார். வீட்டு விசேஷத்துக்கு வந்த அத்தையைப் பார்ப்பது போன்ற தோற்றத்தில் ஒருவர் வந்து நின்று, வாயைத் திறந்ததும் ப்ளூஸ் வந்தால், கேட்கிறவரின் மனம் ஒரு கணம் நின்றுவிடும். கண் ஒன்றைச் சொல்கிறது, காது வேறொன்றைச் சொல்கிறது. அந்த ஒரு கணத்தில் முழுக் கவனமும் பாட்டுக்குத் திரும்பிவிடும். அதோடு, நைட் கிளப் என்றால் தயங்கி நின்ற குடும்பங்களுக்கும் தைரியம் வந்தது. மனைவியை, அம்மாவை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து கேட்கக்கூடிய பாப் கச்சேரி என்று ஒன்று இந்நாட்டில் உருவானதற்கு அந்தப் புடவைக்கும் பங்கு உண்டு.

பிற்காலத்தில் அவர் பட்டுப்புடவைத் துணியிலேயே ஸ்போர்ட்ஸ் ஷூ செய்து போட்டுக்கொண்டார். பார்க்க வித்தியாசமாக இருக்கும். மணிக்கணக்கில் நின்று பாடுகிறவருக்குக் கால் நோகக் கூடாது என்ற நியாயமும் அதில் இருக்கிறது. நெற்றியில் இருக்கும் பெரிய பொட்டின் நடுவே வங்காள எழுத்தில் ஒரு 'க' இருக்கும். கொல்கத்தாவின் 'க'. தன்னை ஏற்றுக்கொண்ட ஊரை நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறார் அவர்.

இங்கே ஒரு ராக் மேதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் துலங்கும். குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரி. இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. பார்சி குடும்பத்தில் 1946 செப்டம்பரில் சான்சிபாரில் பிறந்தவர். 1950களில் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே நண்பர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு வைத்துப் பியானோ வாசித்தார். பைகுல்லாவில் உஷா பாட்டு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே காலத்தில், சில மணிநேரப் பயண தூரத்தில், பின்னாளில் உலகின் மிகப் பெரிய மேடைகளை ஆளப்போகும் பையன் இருந்தான்.

ஃப்ரெடி மேடைக்கென்று ஒரு மனிதரை உருவாக்கினார். பெயரை மாற்றினார், உடையில் எல்லை மீறினார், பாதி உடைந்த மைக் ஸ்டாண்டையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். மேடைக்கு வெளியே கூச்ச சுபாவம் உள்ளவர் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியில் சுமார் 72,000 பேர் முன்னால் அவர் சொற்களே இல்லாமல் ஓர் ஒலியை நீட்டினார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. இன்னும் சிக்கலாக நீட்டினார். கூட்டம் அதையும் பாடியது. குயீன் மேடையில் இருந்தது 21 நிமிடம்தான். ராக் வரலாற்றில் அதைவிடச் சிறந்த மேடை கிடையாது என்று இன்றும் பலர் சொல்வார்கள்.

அவர் செய்தது நமக்குப் பழக்கமில்லாததா என்ன? பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூடம் முழுக்கத் திருப்பிச் சொல்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுகிறார். தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் இல்லாமல் ராஜா வேஷம் நகராது. கேட்கிறவரைப் பாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் கலை நம் மண்ணில் வேரோடு இருக்கிறது. உஷா கச்சேரியில் செய்வதும் இதுதான். கைதட்டச் சொல்வார், எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டுவார், தாளம் தவறினால் நிறுத்திச் சரிசெய்வார். நடுவில் பேசுவார், சிரிக்க வைப்பார், பாட்டியின் பக்கம் திரும்பி ஒரு வரி, சின்னப் பிள்ளையின் பக்கம் திரும்பி ஒரு வரி. ஒரு மணி நேரத்தில் அரங்கம் அவருடைய பக்கவாத்தியமாக மாறியிருக்கும்.

ஃப்ரெடி ஒரு வேடத்துக்குள் புகுந்து கூட்டத்தை அடைந்தார். உஷா வேடமே போடாமல் அடைந்தார். இரண்டுமே நேர்மையான வழிகள்தான். பாடுகிறவர் தனக்கு எது இயல்பு என்று கண்டுகொண்டால் போதும்.

உஷாவின் இன்னொரு பெரிய ஆயுதம் மொழி. சுமார் 17 இந்திய மொழிகளிலும் பல வெளிநாட்டு மொழிகளிலும் பாடியிருக்கிறார். 1970களில் நைரோபிக்குப் போனபோது சுவாஹிலி மொழியில் பாடினார். 'மலைகா' என்ற அந்த ஊர்ப் பாட்டு அவர் குரலில் இங்கேயும் பரவியது. கென்யாவின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சில் ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்பது அவர் கடைப்பிடிக்கும் வழக்கம்.

இதன் அருமை ஹெப்பகோடியில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்று பாருங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். ஓசூரிலிருந்து வந்தவர், தர்மபுரியிலிருந்து வந்தவர், புவனேஸ்வரத்திலிருந்து வந்தவர் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். மொழியின் பெயரால் மனக்கசப்பு வளர்க்கப் பார்ப்பவர்களும் அவ்வப்போது கிளம்புகிறார்கள். ஒரு பாடகி மேடையில் ஏறி முதல் பாட்டைக் கன்னடத்திலும் அடுத்ததைத் தமிழிலும் மூன்றாவதை வங்காளத்திலும் பாடி, எல்லோரையும் எல்லாவற்றுக்கும் கைதட்ட வைத்தால், அது பெரிய காரியம். கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் வீட்டில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, மலையாளியை மணந்து, கொல்கத்தாவில் குடியேறிய ஒருவருக்கு அது கைவந்ததில் வியப்பில்லை.

இவ்வளவு அன்போடு வரவேற்கப்பட்டவருக்கு எதிர்ப்பே வரவில்லையா? வந்தது, அதுவும் அவர் நேசித்த கொல்கத்தாவிலேயே. 1980களில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித்துறை அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று சொன்னார். அரசு அரங்குகள் அவருக்கு மறுக்கப்பட்டன. அழுது புலம்பி ஊரைவிட்டுப் போயிருக்கலாம். பம்பாய் அவரை ஏற்றுக்கொண்டிருக்கும். அவர் நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார், அதே ஊரில் தொடர்ந்து பாடினார். மேடையில் சிரித்துக்கொண்டே பேசும் பெண்ணுக்குள் எவ்வளவு திடம் இருந்தது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கோபத்தைப் பாட்டில் கொட்டுவதை ராக் குணம் என்பார்கள். தன் பாட்டுக்காகச் சட்டத்தின் முன் நிற்பதும் அந்தக் குணத்தில் சேர்ந்ததுதான்.

பண்பாடு கெட்டதா என்ற கேள்விக்கும் காலம் பதில் சொல்லியிருக்கிறது. 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்ம பூஷண். '7 கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்காக ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 2024ல் மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்' பாட்டை அவர் பாடிய வீடியோ இளைஞர்களிடையே வேகமாகப் பரவியது. அப்போது அவருக்கு வயது 76.

அவரைக் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 1980ல் வந்த 'பியாரா துஷ்மன்' படத்தின் 'ஹரி ஓம் ஹரி'. 'ஒன் வே டிக்கெட்' என்ற மேற்கத்தியப் பாட்டின் மெட்டை பப்பி லஹிரி எடுத்து அமைத்தது. மெட்டு அங்கிருந்து வந்தாலும், குரல் வந்து விழும் இடத்தின் கனம் உஷாவுடையது. அடுத்து 'டிஸ்கோ டான்சர்' படத்தின் 'கோயி யஹாம் நாச்சே'. வேகம் எவ்வளவு ஏறினாலும் ஒரு சொல்கூடக் கசங்காமல் வருவதைக் கவனியுங்கள். பிறகு தமிழுக்கு வாருங்கள். 1975ல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் அவர் ஆங்கிலப் பாட்டே பாடியிருக்கிறார். திருவிளையாடல் எடுத்த இயக்குநரும், வயலினைப் பேச வைத்த வித்துவானும், கிளப் பாடகியும் ஒரே படத்தில் சேர்ந்த அபூர்வம் அது. பிறகு 1990ல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் 'வேகம் வேகம்'. இளையராஜா அந்தக் குரலைக் கவர்ச்சிக்குப் பயன்படுத்தவில்லை, வேகத்துக்கும் குதூகலத்துக்கும் பயன்படுத்தினார். நம் சினிமா அவரை இன்னும் எத்தனை விதமாகப் பாட வைத்திருக்கலாம் என்ற ஏக்கம் அதைக் கேட்கும்போது எனக்கு வரும்.

கடைசியாக 'டார்லிங்'. நாட்டுப்புறச் சாயல் கொண்ட ரஷ்யப் பாட்டான 'கலின்கா'வின் மெட்டைத் தழுவியது. மெதுவாக ஆரம்பித்து வெறியோடு முடியும். ஒரே பாட்டில் இரண்டு பெண் குரல்கள், இரண்டுமே வழக்கமான கதாநாயகிக் குரல்கள் கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் கதவடைத்த அதே கனம், இங்கே பாட்டின் முதுகெலும்பாக நிற்கிறது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த ராஜ்யோத்சவம் வரும், பிள்ளையார் சதுர்த்தி வரும், பள்ளி ஆண்டு விழாக்கள் வரும். ஹெப்பகோடியிலும் அத்திபெலேயிலும் ஓசூரிலும் மேடைகள் போடுவோம். பாட வரும் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்குக் குரல் தடிப்பாக இருக்கும். ஆம்பளைக் குரல் என்று யாராவது சொல்வார்கள், அவளும் பின்வரிசைக்குப் போய்விடுவாள். பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அவளை மேலே எட்டச் சொல்லாதீர்கள், சுருதியைக் கீழே இறக்குங்கள். கீபோர்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு பட்டன் வேலை. மைக்கை எங்கே பிடிக்க வேண்டும், எப்போது விலக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவளுக்குப் பிடித்ததையே உடுத்திக்கொண்டு வரட்டும், அவளுக்குத் தெரிந்த மொழியில் கூட்டத்தோடு பேசட்டும். பாட்டு வகுப்புக்கு வெளியே நிற்க நேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்த நாடு பத்ம பூஷண் கொடுத்திருக்கிறது என்பதையும் அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.